விரல் நசுங்கினால் ஹைபெரிகம்: மதர் டிங்சரா, 200-ஆ? பட்டறை முதலுதவிப் பெட்டியில் எதை வைப்பது?

லேத்பட்டறை கேட்டது:

வணக்கமுங்க. எட்டுப் பேர் வேலை செய்யற லேத் பட்டறைங்க, கோவை. முதலுதவிப் பெட்டியைப் புதுசா அடுக்கிட்டு இருக்கோம். இங்க அடின்னா முக்கால்வாசி விரல் நுனிதான். வைஸ்ல விரல் மாட்டும், சுத்தியல் நழுவும், ஜாப் (கடையற இரும்புத் துண்டு) நகத்து மேல விழும், இரும்புப் பிசிறு நகத்துக்கு அடியில ஏறிக்கும். நரம்புல பட்ட அடிக்கு ஹைபெரிகம்ங்கற ஹோமியோபதி மருந்துன்னு பல பேர் சொல்றாங்க. கடையில கேட்டதுக்கு மூணு புட்டி குடுத்தாங்க: ஹைபெரிகம் மதர் டிங்சர் 30 மி.லி., ஹைபெரிகம் 200 டைலூஷன், ஹைபெரிகம் 30 போட்ட சீனி உருண்டை ரெண்டு டிராம். எதை எதுக்குன்னு சீட்டு ஒண்ணும் இல்லை.

நாலு சந்தேகமுங்க.

1. நசுங்கின விரலுக்கு இந்த மூணுல எது? உள்ளுக்கா, மேலுக்கா?
2. டிங்சரைக் காயத்துல நேரா ஊத்தலாமா? ஊத்தினா பயங்கரமா எரியுது.
3. "ஹைபெரிகம் குடுத்துட்டா தடுப்பூசி வேண்டாம், ஜன்னி (டெட்டனஸ்) வராது"ன்னு கவுண்டர்ல சொன்னாங்க. நிசமா?
4. ஒருத்தருக்கு இதய வால்வு மாத்தியிருக்கு, ரத்தம் உறையாம இருக்க அசினோகூமரால் மாத்திரை சாப்பிடறாரு. அவருக்குக் குடுக்கலாமா?

விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. பக்கத்துல ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கு, பத்து நிமிஷம்.

---

வீரியம்முப்பது எழுதியது:

மூன்று புட்டியிலும் பெயர் ஒன்று, சரக்கு வேறு. அதைப் புரிந்துகொண்டால் உங்கள் சந்தேகத்தில் பாதி தீர்ந்துவிடும்.

மதர் டிங்சரில் செடி இருக்கிறது. ஹைபெரிகம் பெர்ஃபோரேட்டம் என்ற ஐரோப்பியச் செடியைப் பூத்திருக்கும் பருவத்தில் பச்சையாகவே ஆல்கஹாலில் ஊறவைத்து எடுப்பது அது. வலு பத்தில் ஒரு பங்கு, அதாவது 10 மி.லி. டிங்சரில் 1 கிராம் உலர்ந்த செடியின் சத்து. வெள்ளைத் தாளில் ஒரு துளி விட்டால் சிவப்பாகக் கறை விழும். அந்தச் சிவப்பு ஹைபெரிசின் என்ற நிறமி.

டைலூஷன் வேறு. டிங்சர் 10 பங்கு, ஆல்கஹால் 90 பங்கு சேர்த்துப் பத்து முறை குலுக்கித் தட்டினால் முதல் வீரியம். அதில் 1 பங்கு, ஆல்கஹால் 99 பங்கு, மறுபடி பத்துத் தட்டு, இரண்டாவது. இப்படியே 30 படி போனால் 30, 200 படி போனால் 200. பன்னிரண்டாவது படியைத் தாண்டும்போதே செடியின் ஒரு மூலக்கூறாவது மிஞ்சியிருக்க வாய்ப்பு அநேகமாகப் போய்விடுகிறது. முப்பதில் 1-க்குப் பின்னால் 60 சுழி போட்ட அளவுக்கு நீர்த்திருக்கும். எங்கள் முறையைப் படித்தவர்கள் இதை மறைக்க வேண்டியதில்லை. மறைப்பதால்தான் "அதிக வீரியம்" என்றால் "அதிகக் காரம்" என்று வாங்குகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். பண்டத்தின் அளவில் நேர் எதிர்.

மரபில் ஹைபெரிகம் கொடுப்பதற்குரிய குறிகள் இவை. நரம்பு நெருங்கிக் கிடக்கிற இடங்களில் அடி: விரல் நுனி, கால் விரல், நகம், உதடு, வால் எலும்பு. காயத்தின் அளவுக்குப் பொருந்தாத வலி. சுரீரென்று கிளம்பி மேல்நோக்கி ஓடும் வலி, அதாவது விரலில் அடி, தோளில் தெறிப்பு. தொட்டால் துடிப்பது, குளிரிலும் ஈரத்திலும் கூடுவது. இவை இருந்தால் ஹைபெரிகம். வெறும் கன்னிப்போன வீக்கம், அடித்துப் போட்டது போல உடம்பு வலி என்றால் ஆர்னிகா. ஆணி குத்தி, அந்த இடம் சில்லென்று இருந்து, குளிர்ந்த ஒத்தடத்தில் சுகப்பட்டால் லீடம். கத்தி வெட்டியது போல நேர்க்கோட்டுக் காயத்துக்கு ஸ்டாபிசாக்ரியா. தசைநாண் சுளுக்குக்கும் எலும்பை மூடிய சவ்வில் பட்ட அடிக்கும் ரூட்டா. ஆர்னிகா டிங்சரைத் தோல் கிழிந்த இடத்தில் மட்டும் போடாதீர்கள், கொப்பளித்துப் புண்ணாகும்.

முதல் சந்தேகத்துக்கு: உள்ளுக்குக் கொடுப்பதானால் 30 உருண்டை நாலு, நாக்கில். முதல் நாள் மூன்று அல்லது நாலு முறை. 200 என்றால் இரண்டு மூன்று மணிக்கு ஒரு தடவை, மூன்று தடவையோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். வலி குறைய ஆரம்பித்தால் அதற்கு மேல் கொடுப்பதில்லை. டிங்சர் மேலுக்கு மட்டும்.

இரண்டாவதுக்கு: நேராக ஊற்றக் கூடாது. எரிவது மருந்து வேலை செய்வதால் அல்ல, ஆல்கஹால் பச்சைச் சதையைப் பொசுக்குவதால். கொதித்து ஆறிய நீர் 100 மி.லி.க்கு டிங்சர் 5 மி.லி. அதற்கு மேல் வேண்டாம். அந்த நீரில் நனைத்த காஸ் துணியைக் கழுவிய காயத்தின் மேல் பத்து நிமிடம் வைத்து எடுத்துவிட்டு, உலர்ந்த காஸ் போட்டுக் கட்டுங்கள். காலெண்டுலா டிங்சரும் சரிபாதி சேர்த்து ஹைப்பர்கால் என்று விற்கிறார்களே, அதற்கும் இதே அளவு. ஆழமான குத்துக்காயத்துக்கு மட்டும் காலெண்டுலா சேர்க்காதீர்கள். மேல்தோல் முதலில் மூடிக்கொண்டு உள்ளே சீழ் தங்கும் என்பது எங்கள் முறையிலேயே பழைய எச்சரிக்கை.

மூன்றாவது: தவறு. நம் பழைய புத்தகங்களில் வில்வாத ஜன்னிக்கு முன்காப்பு என்று எழுதியிருப்பது உண்மை. அவை தடுப்பூசி வருவதற்கு முந்தைய காலத்தில் எழுதப்பட்டவை. அதை இன்று கவுண்டரில் சொல்லி விற்பது அநியாயம். ஊசி போட்டே ஆக வேண்டும்.

---

மருந்தாளுநர் எழுதியது:

மேலே சொன்னவரோடு எனக்குக் கொள்கையில் ஒத்துப்போகாது, ஆனால் அளவுகளைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ஆதாரம் என்ன என்று யாராவது கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன். கடைவாய்ப் பல் அறுவைக்குப் பிறகு வரும் வலிக்கும் வீக்கத்துக்கும் ஹோமியோ மருந்து கொடுத்துப் பார்த்த நார்வே ஆய்வு ஒன்று 1995-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. 24 பேர். ஒரு பக்கத்து அறுவைக்கு மருந்து, மறு பக்கத்துக்கு வெற்று உருண்டை. கொடுத்த மருந்துகளில் ஹைபெரிகமும் உண்டு. இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2015-ல் ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு இருந்த ஆய்வுகளை எல்லாம் சலித்துப் பார்த்து, எந்த நோய்க்கும் ஹோமியோபதி பலன் தருகிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று முடித்தது. உருண்டை கெடுதல் செய்யாது. அதை நம்பிக்கொண்டு போடாமல் விட்ட ஊசிதான் கெடுதல் செய்யும்.

இப்போது நாலாவது சந்தேகம், இந்த இழையிலேயே முக்கியமானது.

அந்த வால்வுக்காரருக்கு 30-உம் 200-உம் மாத்திரையோடு மோத வழியில்லை, உள்ளே மோதுவதற்கு ஒன்றும் இல்லை. மதர் டிங்சரை மட்டும் வாய்வழி கொடுக்கவே கூடாது. இது அதே செயின்ட் ஜான்ஸ் வோர்ட். மனச்சோர்வுக்கு ஐரோப்பாவில் மாத்திரையாக விற்கிறார்களே, அந்தச் செடி. இதில் உள்ள ஹைபர்ஃபோரின் கல்லீரலைத் தூண்டி, மற்ற மருந்துகளை வேகமாகச் சிதைக்கும் நொதிகளைப் பெருக்கிவிடும். வார்ஃபரின், அசினோகூமரால் எல்லாம் சீக்கிரம் கரைந்து போகும். ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் சோதனை அளவு) இறங்கும். வால்வில் கட்டி உறையும், அது மூளைக்குப் போனால் பக்கவாதம். 2000-ல் லான்செட் இதழில் சூரிச்சிலிருந்து இரண்டு பேரைப் பற்றி எழுதினார்கள். இதய மாற்று செய்துகொண்டவர்கள். இந்தச் செடி மாத்திரையைச் சாப்பிட்டதில் சைக்ளோஸ்போரின் (புது உறுப்பை உடம்பு தள்ளாமல் தடுக்கும் மருந்து) அளவு இறங்கி, புது இதயத்தை உடம்பு தள்ள ஆரம்பித்துவிட்டது. கருத்தடை மாத்திரை, டிகாக்சின், எச்.ஐ.வி. மருந்துகள், சில வலிப்பு மருந்துகள் என்று பட்டியல் நீளம். மனச்சோர்வுக்கு எஸ்சிடாலோபிராம், செர்ட்ராலின் போன்றவை சாப்பிடுகிறவர்களுக்கு வேறு மாதிரிச் சிக்கல்: செரோடோனின் என்ற மூளை வேதிப்பொருள் எகிறி நடுக்கம், வியர்வை, படபடப்பு.

கணக்குப் பார்த்தால், ஒருவர் டிங்சரைப் பத்துத் துளி மூன்று வேளை குடித்தாலும் அது சின்ன அளவுதான். ஆல்கஹால் துளி தண்ணீர்த் துளியை விடச் சிறியது, ஒரு மில்லியில் 40-க்கு மேல் விழும். 30 துளி ஒரு மில்லிகூட வராது, செடி 100 மில்லிகிராமுக்குக் கீழே. மனச்சோர்வு ஆய்வுகளில் கொடுத்தது நாளுக்கு 900 மி.கி. சாரம், அதைப் பிழிய பல கிராம் செடி வேண்டும். அப்படியும் ஏன் வேண்டாம் என்கிறேன்? யாரும் துளி எண்ணுவதில்லை. வலி அதிகம் என்றால் அரை மூடி ஊற்றிக் குடிக்கிறார்கள், அதுவும் வாரக்கணக்கில். நொதி தூண்டல் முதல் நாள் தெரியாது, ஒன்றிரண்டு வாரத்தில் தெரியும். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் போல நீடிக்கும். யாரும் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை, ஐ.என்.ஆர். ஏன் ஆடுகிறது என்று மாத்திரை அளவைத்தான் மாற்றிக்கொண்டிருப்பார்கள். ஒரு விரல் நுனியில் நீர்த்த லோஷன் வைப்பது பரவாயில்லை.

அவருக்கு அடிபட்டால் முதல் பிரச்சினை நரம்பு இல்லை, ரத்தம். சுத்தமான துணியால் 15 நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது, பார்க்கிற ஒவ்வொரு முறையும் உறைந்தது பிய்ந்துவிடும். வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். டைக்ளோபினாக், ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் மூன்றும் அவருக்கு வேண்டாம்.

இன்னொன்று, பட்டறை என்பதால் சொல்கிறேன். டிங்சரில் பாதிக்கு மேல் ஆல்கஹால், நெருப்புப் பிடிக்கும். சட்டப்படி 12 விழுக்காட்டுக்கு மேல் ஆல்கஹால் உள்ள ஹோமியோ மருந்தைச் சில்லறையில் 30 மி.லி. புட்டிக்கு மேல் விற்கக் கூடாது, உங்களுக்கு 30 மி.லி. கிடைத்ததும் அதனால்தான். பெட்டியை கிரைண்டருக்கும் வெல்டிங் மேசைக்கும் பக்கத்துச் சுவரில் மாட்டாதீர்கள்.

---

கைநரம்பு எழுதியது:

கை மறுவாழ்வுப் பிரிவு வேலை. மருந்து விவாதத்தை அவங்க ரெண்டு பேரும் பார்த்துக்கட்டும். தம்பி, நீங்க பெட்டி மூடியில ஒட்ட வேண்டியது வேற.

ஹைபெரிகத்துக்குக் குறி "தாங்க முடியாத வலி"ன்னு மேலே எழுதியிருக்கு. சரி. ஆனா முழுசா அறுந்த நரம்பு வலிக்காது, மரத்துப்போகும். அதனால "வலியே இல்லைங்க, லேசான அடிதான்"னு சொல்றவனைத்தான் நான் முதல்ல பார்ப்பேன். விரலுக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு நரம்பு ஓடுது, நடு எலும்புக்கு ஒரு பக்கம் ஒண்ணு, மறுபக்கம் ஒண்ணு. ஒரு பக்கம் அறுந்தா நுனியில பாதி மட்டும் உணர்ச்சி இருக்காது. விரலை மடக்க முடியுது, நீட்ட முடியுதுன்னு விட்டுடுவாங்க. மடக்கறது நீட்டறது தசைநாண் வேலை, அது நரம்புக்குச் சோதனை ஆகாது.

பட்டறையிலேயே பண்ணற சோதனை: பேப்பர் கிளிப் ஒண்ணை நிமித்தி, ரெண்டு முனையும் 5 மி.மீ. இடைவெளியில நிக்கற மாதிரி வளைச்சு வைங்க. அடிபட்டவரைக் கண்ணை மூடச் சொல்லி, நுனியோட இடப் பக்கம், வலப் பக்கம் தனித்தனியா மெல்ல வைங்க, தோல் வெளுக்கற அளவுக்கு அழுத்தாம. சில தடவை ஒரு முனை, சில தடவை ரெண்டு முனை, மாத்தி மாத்தி. "ஒண்ணு", "ரெண்டு"ன்னு அவர் சொல்லணும். அதே விரல் மறு கையிலயும் செஞ்சு ஒப்பிடுங்க. ஒரு பக்கம் மட்டும் தப்புத் தப்பா சொன்னாரோ, "துணி மேல வைச்ச மாதிரி இருக்கு"ன்னாரோ, அன்னைக்கே கை அறுவை மருத்துவர் இருக்கற ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. மரக்க ஊசி போட்டுத் தையல் போடறதுக்கு முன்னாடியே இந்தச் சோதனை முடிஞ்சிருக்கணும், ஊசி போட்ட பிறகு பண்ணறதுல அர்த்தம் இல்லை.

நாலஞ்சு நாள் கழிச்சும் சந்தேகமா இருந்தா, புண் மூடினதுக்கு அப்புறம் வெதுவெதுப்பான தண்ணியில கையை அரை மணி நேரம் ஊற வைங்க. எல்லா விரல் நுனியும் திராட்சை மாதிரி சுருங்கும். நரம்பு போன நுனி மட்டும் வழவழன்னு அப்படியே இருக்கும். அந்த இடத்துல வியர்வையும் வராது, தொட்டா வறண்டு வழுக்கும். பொய் சொல்லாத சோதனை.

அறுந்த நரம்பைத் தைச்சா அது வளர்ற வேகம் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்குதான். உள்ளங்கைக்கிட்ட அறுந்திருந்தா நுனிக்கு உணர்ச்சி வர மாசக்கணக்கு ஆகும். தைக்கறதைத் தள்ளிப் போட்டா முனைகள் சுருங்கி விலகிடும், அப்புறம் நடுவுல ஒட்டு நரம்பு வைக்கணும். "உருண்டை சாப்பிட்டுப் பார்க்கலாம், ஒரு மாசம் ஆகட்டும்"ங்கறதுல போறது இந்த நேரம்தான்.

அடிபட்ட உடனே செய்யற வரிசை:

மோதிரம் இருந்தா அந்த நிமிஷமே கழட்டுங்க, அடிபடாத பக்கத்து விரல்ல இருந்தாலும். பத்து நிமிஷத்துல வீங்கி, அப்புறம் வெட்டித்தான் எடுக்கணும். குழாய்த் தண்ணியை ஓட விட்டு சோப்புப் போட்டு அஞ்சு நிமிஷம் கழுவுங்க. பட்டறையில கைக்குத் தேய்க்கற மண்ணெண்ணெயும் பவுடரும் வேண்டாம். கூலண்ட் எண்ணெய் பட்டிருந்தா இன்னும் கொஞ்சம் கூடவே கழுவுங்க. கையை நெஞ்சுக்கு மேல தூக்கி வைங்க, நுனி விண் விண்ணுன்னு தெறிக்கறது பாதி குறையறது இதுலதான். ஐஸைத் துணியில சுத்தி பத்து நிமிஷம், நேரா வைக்காதீங்க. கட்டுப் போட்டா நகத்தை அழுத்தி விடுங்க, வெளுத்த நகம் ரெண்டு செகண்டுல செவக்கணும். செவக்கலைன்னா கட்டு இறுக்கம். ஈர காஸைச் சுத்தி மேல பிளாஸ்டரை வளையமா ஒட்டறது ரொம்ப சகஜமான தப்பு. காஸ் காயும்போது இறுகும், விரல் உள்ளே வீங்கும், நுனி கருகிப்போகும். பிளாஸ்டரை நீளவாக்குல ஒட்டுங்க.

நகத்துக்குக் கீழ ரத்தம் கட்டி, கறுத்து, விண்ணுன்னு தெறிச்சா ஆஸ்பத்திரியில நகத்துல ஒரு துளை போட்டு விடுவாங்க, வலி அந்த நொடியே பாதி போகும். பட்டறையில கிளிப்பைக் காய்ச்சித் துளை போடறாங்க, வேண்டாம். கீழே எலும்பு நுனி உடைஞ்சிருந்தா அது திறந்த முறிவாகிடும். எக்ஸ்ரே எடுத்துட்டுப் போடட்டும்.

நுனி துண்டாப் போயிருந்தா: துண்டை உப்புத் தண்ணியில நனைச்ச காஸ்ல சுத்தி, பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் மேல வைங்க. துண்டு நேரா ஐஸ்ல பட்டா உறைஞ்சு வீணாகும். எந்த டிங்சர்லயும் போடாதீங்க.

கடைசியா ஒண்ணு, எல்லாப் பட்டறையிலயும் ஏமாத்தறது. கிரீஸ் கன், ஹைட்ராலிக் குழாய், பெயின்ட் ஸ்பிரே, டீசல் நாசில் இதுகளோட அழுத்தம் விரல்ல பீச்சினா வெளியே ஊசிக்குத்து அளவு புள்ளிதான் தெரியும். வலியும் முதல்ல கம்மி. உள்ளே எண்ணெய் விரல் முழுக்க, சில சமயம் உள்ளங்கை வரைக்கும் ஓடியிருக்கும். குத்துக்காயம்னு நினைச்சு லீடம், ஹைபெரிகம்னு பார்த்துட்டு இருந்தா சாயந்திரத்துக்குள்ள விரல் உப்பிடும், விரலையே எடுக்க வேண்டி வரலாம். அறுத்துச் சுத்தம் பண்ணற கேஸ் இது, மணிக்கணக்குல போயாகணும். இயந்திரத்துல என்ன எண்ணெய், எவ்வளவு அழுத்தம்னு எழுதியே அனுப்புங்க.

---

லேத்பட்டறை எழுதியது:

கிரீஸ் கன் விஷயம் இங்க யாருக்குமே தெரியாதுங்க, ரொம்ப நன்றிங்க. ஊசிக் கணக்கு மட்டும் தெளிவாச் சொல்லுங்க. "எனக்குப் போன வருசம்தான் டிடி போட்டாங்க"ன்னு ஒருத்தர் சொல்றாரு, "சின்ன வயசுல போட்டது"ன்னு இன்னொருத்தர் சொல்றாரு. எல்லாருக்கும் ஒவ்வொரு தடவையும் போடணுமா?

---

மருந்தாளுநர் எழுதியது:

ஒவ்வொரு தடவையும் வேண்டாம். இப்போது அரசு நிலையங்களில் போடுவது டிடி (Td), டெட்டனஸோடு தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்து. முழுசாக மூன்று தடவை போட்டவர் என்றால்: சுத்தமான சின்ன வெட்டுக்குக் கடைசி ஊசி 10 வருடத்துக்குள் இருந்தால் போதும். மண், துரு, எண்ணெய் பட்டதோ, ஆழமான குத்தோ, நசுங்கலோ என்றால் 5 வருடம் தாண்டியிருந்தாலே ஒன்று. மூன்று தடவை போட்டாரா என்றே தெரியாது, காயமும் அழுக்கு என்றால் ஊசியோடு டெட்டனஸ் இம்யூனோகுளோபுலினும் வேண்டும், வழக்கமாக 250 யூனிட், வேறு இடத்தில் குத்துவார்கள். ஊசி போட்ட உடனே எதிர்ப்பு வந்துவிடாது, இடைப்பட்ட நாள்களுக்கு அதுதான் காப்பு.

"துருப்பிடித்த ஆணியால் வருகிறது" என்று நம் ஊரில் ஒரு நினைப்பு. துரு காரணம் இல்லை. மண்ணில் இருக்கும் கிருமியின் வித்து, காற்றுப் புகாத ஆழத்தில் முளைப்பதுதான் காரணம். பளபளவென்ற புதுப் பிசிறு குத்தினாலும் அது தரையில் விழுந்து எடுத்ததாக இருந்தால் அதே கதைதான்.

எட்டுப் பேருக்கும் கடைசி ஊசித் தேதியை ஒரு அட்டையில் எழுதிப் பெட்டிக்குள் ஒட்டுங்கள். அடிபட்ட நேரத்தில் ஞாபகம் வராது.

---

சர்க்கரைக்கால் கேட்டது:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். நரம்பு வலி என்றால் சர்க்கரை நோயில் பாதம் எரிவதற்கும் ஹைபெரிகம் உதவுமா? 58 வயது, பத்து வருடமாக மெட்ஃபார்மின். ராத்திரி போர்வை பட்டாலே எரிகிறது.

---

வீரியம்முப்பது எழுதியது:

எங்கள் முறைப்படி பார்த்தாலும் இது ஹைபெரிகத்தின் படம் இல்லை ஐயா. அடியோ குத்தோ இல்லாமல், இரண்டு பாதத்திலும் சமமாக, விரலில் தொடங்கி மேலேறுகிற எரிச்சல் உள்நோயில் வருவது. நரம்பு என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு மருந்து எடுக்கக் கூடாது. மருத்துவரைப் பாருங்கள்.

---

மருந்தாளுநர் எழுதியது:

ஐயா, பத்து வருட மெட்ஃபார்மின் என்பதுதான் கண்ணில் படுகிறது. அது வைட்டமின் பி12 உடம்பில் சேருவதைக் குறைக்கும். பி12 குறைந்தாலும் இதே எரிச்சல், இதே மரமரப்பு. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். பி12, மூன்று மாதச் சர்க்கரை, சிறுநீரகச் சோதனை மூன்றும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். எரிச்சலுக்கு டுலாக்செட்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் போன்றவை உண்டு, வயதும் சிறுநீரகமும் பார்த்துத்தான் தருவார்கள். பிரிகாபலினை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். டுலாக்செட்டின், அமிட்ரிப்டிலின் சாப்பிடும்போது ஹைபெரிகம் மதர் டிங்சரைத் தொடாதீர்கள், மேலே சொன்ன செரோடோனின் சிக்கல். பாதத்தைத் தினமும் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

---

மலைப்பூ எழுதியது:

மருந்தைப் பற்றி எனக்குக் கருத்து இல்லை, செடியைப் பற்றி மட்டும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் மஞ்சளாகப் பூக்கும் புதரைக் காட்டி "இதுதான் ஹைபெரிகம், வீட்டிலேயே டிங்சர் போடலாம்" என்கிறார்கள். ஹைபெரிகம் பேரினம்தான், ஆனால் அது ஹைபெரிகம் மைசூரென்ஸ், சில இடத்தில் ஹூக்கேரியானம். ஆளுயரம் வளரும் புதர், பூ பெரிசு. மருந்துச் செடியான பெர்ஃபோரேட்டம் ஐரோப்பா, மேற்கு ஆசியாவில் காட்டுச் செடி. இந்தியாவில் காஷ்மீர், இமாச்சல் மலைச் சரிவுகளில் உண்டு. முழங்கால், இடுப்பு உயரம்தான்.

அடையாளம் பார்க்கும் முறை: ஒரு இலையைப் பறித்துச் சூரியனுக்கு நேரே பிடித்தால் ஊசியால் குத்திய மாதிரி ஒளி ஊடுருவும் புள்ளிகள் தெரியும். பெர்ஃபோரேட்டம் என்ற பெயரே அதனால்தான். துளை இல்லை, எண்ணெய்ச் சுரப்பிகள். தண்டை விரலில் உருட்டினால் நீளவாக்கில் இரண்டு வரம்பு தட்டுப்படும். இதழின் ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள். மலராத மொட்டை நகத்தால் நசுக்கினால் மஞ்சள் பூவிலிருந்து ரத்தச் சிவப்புச் சாறு வரும். ஐரோப்பாவில் ஜூன் 24, புனித யோவான் திருநாளை ஒட்டிப் பூக்கும், ஆங்கிலப் பெயர் அப்படி வந்தது. அங்கே பச்சைப் பூவை ஒலிவ எண்ணெயில் போட்டு வெயிலில் வாரக்கணக்கில் வைத்துச் சிவப்பு எண்ணெய் எடுத்துப் பூசுகிறார்கள். அது நாட்டு வைத்தியம், ஹோமியோபதி இல்லை. ஆஸ்திரேலியாவில் இது களை. மேயும் ஆடுகளுக்கு வெயில் பட்டால் மூக்கும் காதும் வெந்துபோகும், அந்தச் சிவப்பு நிறமியால்.

நீலகிரிப் புதரை ஆல்கஹாலில் போட்டு, "ஹைபெரிகம்" என்று சீட்டு ஒட்டி யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். காட்டில் பறிப்பதும் குற்றம்.

---

லேத்பட்டறை எழுதியது:

எல்லாருக்கும் நன்றிங்க. பெட்டி இப்படி வைக்கப் போறோம், தப்பு இருந்தா சொல்லுங்க. மேல் தட்டு: சோப்பு, சலைன், காஸ், பிளாஸ்டர், பாராசிட்டமால், பாலித்தீன் கவர், மோதிரம் வெட்டற கட்டர், வளைச்ச பேப்பர் கிளிப், ஊசித் தேதி அட்டை. கீழ் தட்டு: ஹைபெரிகம் 30 உருண்டை, கேட்கறவங்களுக்கு மட்டும். டிங்சர் புட்டியில "வெளிப்பூச்சுக்கு மட்டும், குடிக்காதே"ன்னு சிவப்பு மையில எழுதறோம். 200-ஐத் திருப்பிக் குடுத்துடறோம், ஒரே மாதிரி புட்டியா இருக்கறதால மாறிப்போகும். லோஷனை முன்கூட்டியே 5:100 கலந்து ஒரு புட்டி வச்சுக்கலாமுங்களா? அவசரத்துக்கு ஆகும்.

வால் எலும்பு பத்தியும் ஒரு வரி சொல்லுங்க, எண்ணெய்த் தரையில வழுக்கி உக்காந்த மாதிரி விழறது உண்டு.

---

கைநரம்பு எழுதியது:

வால் எலும்புக்கு: நடுவுல பள்ளம் விட்ட, இல்லைன்னா பின்பக்கம் வெட்டிவிட்ட குஷன்ல, முன்னாடி சாஞ்சு உக்காரணும். மலச்சிக்கல் வராம பார்த்துக்கணும், முக்கினா வலி கூடும். பல வாரம் இழுக்கும், பயப்பட வேண்டாம். ஆனா விழுந்த பிறகு சிறுநீர் வராம அடைச்சுக்கிட்டாலோ, தெரியாமப் போனாலோ, தொடை இடுக்கும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்துட்டாலோ, ரெண்டு காலும் தளர்ந்தாலோ அது வால் எலும்பு இல்லை, முதுகுத்தண்டு நரம்புக் கற்றை நசுங்குது. அதே மணி நேரத்துல பெரிய ஆஸ்பத்திரி, படுக்க வச்சு.

விரல் ஒண்ணு மறந்துட்டேன். காயம் ஆறி மூணு நாலு வாரம் கழிச்சும் வலி கூடிக்கிட்டே போய், கை வீங்கி, நிறம் மாறி, ஒரு கை மட்டும் சூடாவோ சில்லுன்னோ இருந்து, காத்துப் பட்டாலே தாங்கலைன்னா அதுக்குத் தனி சிகிச்சை இருக்கு. சீக்கிரம் ஆரம்பிச்சாத்தான் கை மடங்கும். கட்டுலயே தொங்கப் போட்டு வைக்காதீங்க.

---

வீரியம்முப்பது எழுதியது:

லோஷனை முன்கூட்டிக் கலக்காதீர்கள். புட்டியில் இருக்கும்போது டிங்சரை ஆல்கஹால்தான் காக்கிறது. 100 மில்லித் தண்ணீரில் 5 மில்லி விட்டால் ஆல்கஹால் மூன்று நாலு விழுக்காட்டுக்கு இறங்கிவிடும், அதில் கிருமி நன்றாக வளரும். இரண்டு நாள் பழைய லோஷனைக் காயத்தில் வைப்பது குளத்துத் தண்ணீர் வைப்பது மாதிரி. அடிபட்டபோது கலந்து, மிச்சத்தை அன்றே கொட்டிவிடுங்கள். 5 மி.லி. ஊசிக்குழாய் ஒன்று, ஊசி இல்லாமல், டிங்சர் புட்டியோடு ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள், மூடியால் அளக்க வேண்டாம். அவசரத்தில் ஆறிய நீர் இல்லை என்றால் பெட்டியில் உள்ள சலைனே போதும். டிங்சரே இல்லாமல் சலைனால் கழுவிக் கட்டி அனுப்பினாலும் குறை ஒன்றுமில்லை.